வகுக்காதீங்க, கழிச்சுப் பாருங்க

பேஸ்பால்ல ரெண்டு பிட்சர்ல (பந்து வீசுறவங்க) யாரு பெட்டர்னு பேச்சு வந்தா எல்லாரும் ஈஆர்ஏவைத்தான் தூக்கிட்டு வர்றாங்க (ஃபீல்டர் பிழையால வந்த ரன்னை விட்டுட்டு, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியா எத்தனை ரன் குடுத்தார்ங்கிற கணக்கு, கம்மியா இருந்தா நல்லது). அதுல பின்னாடி நிக்கிற ஃபீல்டர் ஓடிப் பிடிச்சானா, பந்து இடுக்குல புகுந்து போச்சான்னு ஏகப்பட்டது கலந்திருக்கு. ஸ்ட்ரைக்அவுட்டும் (மூணு ஸ்ட்ரைக்ல பேட்டர் அவுட்) வாக்கும் (நாலு பந்து தப்பாப் போட்டு பேட்டருக்கு ஓசியா முதல் பேஸ் குடுக்குறது) பெரும்பாலும் பிட்சருக்கும் பேட்டருக்கும் நடுவுலயே முடிஞ்சிரும் (கேட்சருக்கும் அம்பயருக்கும் பங்கு உண்டு, அது தனிச் சண்டை).

சரி, ஸ்ட்ரைக்அவுட்டை வாக்கால வகுத்துப் பார்ப்போம். வேகத்துக்குப் பேர்போன நோலன் ரையன் மொத்தக் கேரியர்ல 5714 ஸ்ட்ரைக்அவுட், இன்னும் யாரும் கிட்டகூட வரல, ஆனா வாக் 2795, அதுவும் ரெக்கார்டுதான்! வகுத்தா 2.04. வேகத்தை நம்பாம துல்லியமாப் போட்ட கிரெக் மேடக்ஸ் 3371க்கு 999, அதாவது 3.37. வேகத்தைப் பார்த்து வாயப் பொளக்குறவங்களுக்கு நல்ல மருந்து.

ஆனா இதே கணக்கை வச்சு 2014 சீசன் ஃபில் ஹியூஸையும் 1999 சீசன் பெட்ரோ மார்ட்டினெஸையும் பக்கத்துல நிறுத்துங்க. ஹியூஸ் 186க்கு 16, அதாவது 11.63, மேஜர் லீக்ல (அமெரிக்காவோட டாப் லீக்) சீசன் முழுக்க போதுமான இன்னிங்ஸ் போட்டவங்கள்ல அதான் ரெக்கார்டு. பெட்ரோ 313க்கு 37, வெறும் 8.46. அப்போ ஹியூஸ்தான் பெரியாளா? சும்மா இருங்கப்பா.

கோளாறு கீழ இருக்கிற நம்பர்லதான். வாக் ரொம்பக் கம்மியானா வகுத்தல் எகிறிரும். ஹியூஸ் சந்திச்சது 855 பேட்டர், அந்த 16 வாக்ல 8 பேருக்குக் குடுக்காம இருந்திருந்தா 11.63 அப்படியே டபுளாகி 23.25 ஆயிருக்கும், சீசன் முழுக்க 8 பேருக்காக ஒருத்தர் ரெண்டு மடங்கு நல்ல பிட்சர் ஆயிருவாரா என்ன. அதனால சந்திச்ச பேட்டர்ல எத்தனை சதவீதம் ஸ்ட்ரைக்அவுட், எத்தனை சதவீதம் வாக்னு எடுத்து ஒண்ணுல இருந்து ஒண்ணக் கழிங்க. ஹியூஸுக்கு 21.8ல 1.9 போக 19.9. பெட்ரோவுக்கு 37.5ல 4.4 போனா 33.1. இப்போ கண்ணுக்குத் தெரியுதா வித்தியாசம்? ஈஆர்ஏவும் அதையேதான் சொல்லுது, ஹியூஸோட 3.52 எங்க, பெட்ரோவோட 2.07 எங்க.

ஹியூஸ் மோசம்னு சொல்லல, அந்த வருஷம் மனுஷன் நல்லாத்தான் போட்டாரு. பாவம், மழை வந்து ஒரே ஒரு அவுட் குறைஞ்சு, 210 இன்னிங்ஸ் போட்டா கிடைக்க வேண்டிய 5 லட்சம் டாலர் போனஸ் போச்சு.

இன்னொண்ணு, 1999ல பேட்டருங்க இப்ப மாதிரி எடுத்ததுக்கெல்லாம் ஸ்ட்ரைக்அவுட் ஆக மாட்டாங்க, 2014லயே அது நல்லா ஏறிடுச்சு. அதையும் சேர்த்துக்கிட்டா பெட்ரோவோட 33 இன்னும் பெருசு.