தலைவலி நோட்டு

ஜனவரி 8

மருத்துவர் வீட்டுப்பாடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். தினமும் எழுத வேண்டுமாம். வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது, எந்தப் பக்கம், குமட்டல் இருந்ததா, வெளிச்சமும் சத்தமும் தாங்க முடிந்ததா, என்ன மாத்திரை எப்போது போட்டேன், எப்போது விட்டது. மாதவிடாய் நாட்களையும் குறிக்க வேண்டும். "வலி இல்லாத நாளையும் எழுதுங்க. அதைத்தான் எல்லாரும் விட்டுடுவாங்க" என்றார்.

கேள்விகள் நிறையக் கேட்டார். வலி திடீரென்று ஒரே நிமிடத்தில் உச்சத்துக்குப் போகிறதா? காய்ச்சலோடு கழுத்து விறைக்கிறதா? கை கால் பலமிழப்பு, பேச்சுக் குழறல் உண்டா? கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், முழங்காலில் தட்டினார். எல்லாம் சரி, இது ஒற்றைத் தலைவலிதான், ஸ்கேன் தேவையில்லை என்று முடித்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். இத்தனை வருடம் இவ்வளவு வலித்ததற்கு ஒரு படமாவது மிஞ்சும் என்று நினைத்திருந்தேன்.

அம்மாவுக்கு உண்டா என்றும் கேட்டார். அம்மாவுக்கும் உண்டு, அக்காவுக்கும் உண்டு. தலையை ஆட்டிக்கொண்டே எழுதிக்கொண்டார். இது குடும்பத்தில் வருவதுதானாம்; ஆண்களைவிடப் பெண்களுக்கு மூன்று மடங்கு அதிகமாம்.

ஜனவரி 13

கணினியில் ஒரு கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் எண்ணின் நடு இலக்கத்தைக் காணவில்லை. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தால் பக்கத்து எண்ணிலும் ஓட்டை. கருப்பாக இல்லை, அந்த இடத்தில் எதுவுமே இல்லை, அவ்வளவுதான். பார்வையை எங்கே திருப்பினாலும் ஓட்டையும் கூடவே வந்தது. சில நிமிடங்களில் அதன் ஓரத்தில் ஒரு கோடு மினுங்க ஆரம்பித்தது. ரம்பப் பல் மாதிரி மேலும் கீழும் மடிந்த கோடு, பிறை வடிவில். துடித்துக்கொண்டே வலப்பக்கமாக விரிந்து, விரிந்து, கடைசியில் பார்வையின் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது. ஒரு கண்ணை மூடினாலும் தெரிகிறது, இரண்டையும் மூடினாலும் தெரிகிறது.

கோளாறு கண்ணில் இல்லை, மூளையின் பின்புறத்தில், பார்வைக்கான பகுதியில். நரம்பணுக்கள் சட்டென்று கிளர்ந்து, பிறகு அடங்கி, அந்த அலை மூளையின் மேற்பரப்பில் மெல்ல ஊர்ந்து போகிறது. இதற்கு ஆரா என்று பெயர். 1941-இல் கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க உளவியலாளர், தனக்கே வந்த ஆராவைத் தாளில் வரைந்து வரைந்து, அது மூளையில் நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று கணக்குப் போட்டுச் சொன்னார். மூன்று வருடம் கழித்து, 1944-இல், பிரேசிலைச் சேர்ந்த லியாவோ என்ற ஆய்வாளர் முயல் மூளையில் அதே மாதிரி மெதுவான ஓர் அலையைப் பதிவுசெய்தார். வலி வரப்போகிறது என்று தெரிந்தும் உட்கார்ந்து படம் வரைந்த அந்த மனுஷனை நினைத்தால் மரியாதையாக இருக்கிறது. நான் ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்துவிட்டேன்.

கோடு மறைந்து கொஞ்ச நேரத்தில் இடது கண்ணுக்குப் பின்னால் அடி விழ ஆரம்பித்தது. படி ஏறினால் ஒவ்வொரு படிக்கும் ஓர் அடி. இருமுறை வாந்தி. போட்ட மாத்திரையும் அதோடு போயிற்று.

ஜனவரி 14

வலி இல்லை. தலையைக் குனிந்தால் மட்டும் அது இருந்த இடம் தெரிகிறது. தெரிந்தவர்களின் பெயர்கூட உடனே வாயில் வரவில்லை. வலி போன மறுநாளும் நோயின் பகுதிதான் என்று மருத்துவர் சொன்னதை, அலுவலகத்தில் யாரிடம் போய்ச் சொல்வது?

ஜனவரி 20

ஒற்றைத் தலைவலி என்று வாயைத் திறந்தால் போதும், எதிரில் இருப்பவர் ஒரு தடைப்பட்டியலை எடுத்து நீட்டுவார். சாக்லேட் கூடாது, சீஸ் கூடாது, ஆரஞ்சு கூடாது, தக்காளி கூடாது. எல்லாவற்றையும் கேட்டால் தண்ணீர்தான் மிஞ்சும். அதிலும் சாக்லேட் மீதுதான் எல்லாருக்கும் கோபம்.

நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். 12-ஆம் தேதி மாலை சாக்லேட் சாப்பிட்டிருக்கிறேன், 13-இல் வலி. சரி, மாட்டிக்கொண்டது என்று முடிவு கட்டலாம். ஆனால் அதே 12-ஆம் தேதிக்கு வேறு சில வரிகளும் இருக்கின்றன: "தூக்கம் வராமலே கொட்டாவி. கழுத்துப் பிடிப்பு. எல்லார் மேலும் எரிச்சல். இனிப்பு வேண்டும்போல் இருக்கிறது." வலி தொடங்குவதற்குப் பல மணி நேரம், சிலருக்கு ஒரு நாளுக்கும் முன்பே, மூளையில் ஹைப்போதாலமஸ் என்ற பகுதி விழித்துக்கொள்கிறது. பசி, தூக்கம், தாகம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற பகுதி அது. கொட்டாவியும் இனிப்பு ஆசையும் அங்கிருந்து வருகின்றன. அப்படியானால் சாக்லேட்டை எடுக்கக் கை போனபோதே தாக்குதல் தொடங்கியாயிற்று.

வலி வராத நாட்களிலும் நான் சாக்லேட் தின்றிருக்கிறேன், அதுவும் நோட்டில் இருக்கிறது. வலி இல்லாத நாளை ஏன் எழுதச் சொன்னார் என்று இப்போது தெரிகிறது. இனி சாக்லேட்டுக்கு மன்னிப்பு உண்டு. கொட்டாவியின்மீதுதான் கண்.

மது விஷயம் வேறு. குறிப்பாகச் சிவப்பு ஒயின் பலருக்கு நிஜமாகவே வலியைக் கிளப்பும். எனக்கு அந்தப் பக்கம் போக்குவரத்தே இல்லை.

ஜனவரி 28

அக்காவோடு போனில் பேசினேன். அவளுக்கு இப்போதெல்லாம் தினமுமே வலிக்கிறதாம். காலையில் எழுந்ததும் ஒரு மாத்திரை, சாயங்காலம் இன்னொன்று. "வலிக்குதுடி, போடாம என்ன பண்ணச் சொல்ற?"

அங்கேதான் சிக்கல் என்றேன். சாதாரண வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல், ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள டிரிப்டான் வகையையோ பல மருந்து கலந்த மாத்திரையையோ 10 நாள் அல்லது அதற்கு மேல், மூன்று மாதத்துக்கு மேலாகப் போட்டுக்கொண்டே வந்தால் அந்த மாத்திரையே தலைவலியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காலையில் அவள் போடுவது காஃபீனும் சேர்ந்த மாத்திரை. மருந்தின் மேல் இவ்வளவு மோசமான எண்ணம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். மருந்தின் மேல் இல்லை, நாட்காட்டியின் மேல்தான் என்றேன். வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 4

இரண்டாவது சந்திப்பு. நோட்டை வாங்கிப் பொறுமையாகப் படித்தார். "வலி ஆரம்பிச்சு மூணு மணி நேரம் கழிச்சு மாத்திரை போடுறீங்க. அதுக்குள்ள வண்டி போயிடும்" என்றார். தாக்குதலின்போது இரைப்பையும் மந்தமாகிவிடுமாம். விழுங்கின மாத்திரை குடலுக்குப் போகாமல் அங்கேயே கிடக்கும். அதனால்தான் வாந்தி மாத்திரையைக் கூடவே தருகிறார்கள். அது குமட்டலுக்கு மட்டும் இல்லை, வயிற்றை நகர்த்தவும்தான்.

சுமாட்ரிப்டான் 50 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். 1990-களின் தொடக்கத்தில் வந்த மருந்து. வெறும் வலி மருந்து இல்லை. முகத்துக்கும் மூளை உறைக்கும் உணர்வு கொண்டுபோகிற முக்கிளை நரம்பில், வலியைக் கிளப்பும் சி.ஜி.ஆர்.பி என்ற பொருள் சுரப்பதைத் தடுக்கிறது, விரிந்த ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. சுருக்குவதால் இதய நோய், பக்கவாதம் வந்தவர்களுக்கும், கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் கூடாது. ஆரா ஓடும்போது வேண்டாம், வலி லேசாகத் தலைகாட்டியதும் போட வேண்டும். முதல் மாத்திரை கேட்டு, வலி திரும்பி வந்தால் இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று. முதலாவது கேட்கவே இல்லை என்றால் அதே தாக்குதலுக்கு இரண்டாவது வேண்டாம்.

கிளம்பும்போது கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேனா என்று கேட்டார். இல்லை. ஆரா வருகிற பெண்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையைத் தவிர்க்க வேண்டுமாம். பக்கவாத ஆபத்து கூடும். இத்தனை வருடத்தில் எந்த மருத்துவரும் என்னிடம் கேட்காத கேள்வி.

பிப்ரவரி 11

நேற்று சாயங்காலம் கொட்டாவி. இன்று காலை பத்து மணிக்கு இடது புருவத்தில் லேசான இழுப்பு, ஆரா இல்லை. உடனே வாந்தி மாத்திரையும் சுமாட்ரிப்டானும். இருபது நிமிடத்தில் கழுத்தும் தாடையும் கனத்தன, விரல் நுனிகளில் ஊசி குத்தியது, நெஞ்சில் லேசான அழுத்தம். முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. சொல்லாமல் இருந்திருந்தால் ஆம்புலன்ஸ்தான். பதினொன்றரைக்குக் கழுத்துக் கனம் விட்டது. பிறகு வலி எங்கே என்று தேடினேன். இல்லை.

மத்தியானம் பசித்தது. தாக்குதல் நாளில் எனக்குப் பசித்ததே கிடையாது.

பிப்ரவரி 18

காபி விவகாரம். வேலை நாட்களில் காலை ஏழு மணிக்குக் காபி, விடுமுறையில் எழுவதே ஒன்பதரைக்கு. விடுமுறை நாள் வலிகளைப் பார்த்தால் பெரும்பாலும் பத்து மணிக்கு. தினமும் காஃபீன் குடிக்கிற மூளை அது கிடைக்காவிட்டால் 12 முதல் 24 மணி நேரத்தில் முறுக்கிக்கொள்ளும். அதே காஃபீன்தான் வலி மாத்திரையோடு சேர்ந்தால் அதன் வேலையை வேகப்படுத்துகிறது. ஒரே பொருளுக்கு இரண்டு வேடம். காபியை விடச் சொல்லி யாரும் என்னிடம் வர வேண்டாம். விடுமுறையிலும் ஏழு மணிக்கே குடித்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்ளப் போகிறேன்.

பிப்ரவரி 25

மருந்துக்கு வெளியே இருப்பவை.

இஞ்சி: குமட்டலுக்கு நிச்சயம் கேட்கிறது. ஈரானில் 100 பேரை வைத்துச் செய்து 2014-இல் வெளியான ஆய்வில், இஞ்சிப் பொடி சுமாட்ரிப்டான் அளவுக்கே வலியைக் குறைத்ததாகச் சொன்னார்கள். ஒரே ஓர் ஆய்வை நம்பி மாத்திரையைத் தூக்கிப் போடமாட்டேன். ஆனால் வெந்நீரில் இஞ்சி தட்டிப் போட்டுக் குடிக்க யாரைக் கேட்க வேண்டும்?

பனிக்கட்டிப் பை பிடரியில் வைத்தால் சுகம். நெற்றியில் வைத்தால் எனக்குப் பிடிக்கவில்லை. தைலம் எனக்கு ஆகவே ஆகாது; தாக்குதலின்போது வாசனைதான் முதல் எதிரி.

மக்னீசியமும் ரிபோஃபிளேவின் என்கிற பி2 வைட்டமினும் தடுப்புக்கு. பி2 400 மில்லிகிராம், மூன்று மாதமாவது சாப்பிட்டால்தான் தெரியும். சிறுநீர் பளீரென்று மஞ்சளாகப் போகிறது, பயப்பட ஒன்றுமில்லை. மக்னீசியம் வயிற்றை இளக்கிவிட்டது, அளவைப் பாதியாக்கிக்கொண்டேன். பட்டர்பர் என்று ஒரு மூலிகை ஒரு காலத்தில் நரம்பியல் மருத்துவர்களாலேயே பரிந்துரைக்கப்பட்டது. கல்லீரலைக் கெடுக்கிறது என்று தெரிந்ததும் அமெரிக்க நரம்பியல் அகாடமி 2015-இல் அந்தப் பரிந்துரையை விலக்கிக்கொண்டது. "இயற்கைதானே, என்ன ஆகிவிடும்" என்பவர்களுக்காக இதை எழுதி வைக்கிறேன்.

மார்ச் 3

மதியச் சாப்பாடு நாலு மணிக்கு. வலி ஐந்து மணிக்கு. மற்ற எல்லா உணவு ஆராய்ச்சியையும்விட இந்த இரண்டு வரி எனக்கு உபயோகம். என்ன சாப்பிட்டேன் என்பதைவிட எப்போது சாப்பிடவில்லை என்பதுதான் என் நோட்டில் திரும்பத் திரும்ப வருகிறது.

மார்ச் 10

சுமாட்ரிப்டான் கேட்கிறது, ஆனால் தாக்குதல்கள் குறையவில்லை. இப்படியே போனால் அக்காவின் கணக்கில் நானும் சேர்ந்துவிடுவேன். தடுப்பு மருந்து தொடங்கலாம் என்றார் மருத்துவர். பலவும் வேறு நோய்க்காக வந்தவை: ப்ரோப்ரனலால் இதயத்துக்கு, டோபிரமேட் வலிப்புக்கு, அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கு. 1960-களில் நெஞ்சுவலிக்கு ப்ரோப்ரனலால் சாப்பிட்ட ஒருவருக்குத் தலைவலியும் நின்றுபோனதால்தான் அதன் இந்தக் குணமே தெரிந்ததாம். எனக்குச் சிறு வயதில் வீசிங் இருந்ததால் ப்ரோப்ரனலால் கிடையாது. அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம், இரவில். "ரெண்டு மாசம் பொறுமையா இருங்க. தலைவலி பாதியாக் குறைஞ்சா அதுவே வெற்றி" என்றார். பாதியா என்று கேட்டுவிட்டேன். பாதிதான் என்றார்.

மார்ச் 29

வாய் வறள்கிறது. காலையில் எழுந்திருக்க முடியவில்லை. இரவில் பசி எடுக்கிறது.

அக்கா மருத்துவரிடம் போய்விட்டாள். தினசரி மாத்திரையை நிறுத்தச் சொல்லி, கூடவே ஒரு தடுப்பு மருந்தும் தொடங்கியிருக்கிறார்கள். முதல் வாரம் நரகம் என்றாள். வலி, வாந்தி, தூக்கமில்லை. நடு ராத்திரியில் "உன்னாலதான்டி" என்று செய்தி அனுப்பினாள். அதற்கப்புறம் நேற்று: "இன்னைக்கு முழுக்க வலியே இல்ல. சந்தேகமா இருக்கு."

ஏப்ரல் 21

தாக்குதல்கள் பாதிக்கு வந்துவிட்டன என்று சொல்ல முடியாது, ஆனால் அந்தப் பக்கம் போகின்றன. வந்ததும் முன்போல் மூன்று நாள் ஆட்டவில்லை. மருத்துவரிடம் சி.ஜி.ஆர்.பி-யைத் தடுக்கும் ஊசிகளைப் பற்றிக் கேட்டேன். 2018-இல் தொடங்கி வந்தவை, ஒற்றைத் தலைவலிக்கென்றே செய்த முதல் தடுப்பு மருந்துகள். மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ போடுவது. இவற்றைக் கண்டறிய வழிவகுத்த நான்கு ஆய்வாளர்களுக்கு 2021-இல், மூளை ஆராய்ச்சிக்கான பிரெய்ன் பரிசு கொடுத்தார்கள். இப்போது சாப்பிடுவதையே முழு அளவில் பார்ப்போம், அது கேட்காவிட்டால் அந்தப் பேச்சை எடுக்கலாம் என்றார். நியாயம்தான்.

அமிட்ரிப்டிலின் அளவை 25 ஆக்கியிருக்கிறார். படுக்கும்போது போடாமல் இரவு எட்டு மணிக்கே போட்டால் காலை மந்தம் குறையும் என்றார். இன்று முதல் எட்டு மணி.