கடல்மட்ட உயரத்தை வைத்து மலையைத் தேடாதீர்கள்

எத்தனை மீட்டருக்கு மேல் போனால் மலை? உலகம் முழுக்கச் செல்லும் பதில் இதற்கு இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று 600 மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மலை என்கிறது. அது பொதுமக்கள் நடந்து போகும் உரிமைக்காகப் போட்ட கோடு, நிலவியலுக்கு உதவாது. திபெத் பீடபூமியில் 4,500 மீட்டர் உயரத்திலும் சமதரை உண்டு.

பார்க்க வேண்டியது சுற்றுவட்டார ஏற்ற இறக்கம். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2000-ஆம் ஆண்டு வகைப்பாட்டில், 300 முதல் 1,000 மீட்டர் வரை உள்ள இடம் மலையாக வேண்டுமானால் 7 கி.மீ. ஆரத்துக்குள் 300 மீட்டருக்கு மேல் உயர வேறுபாடு வேண்டும். 1,000 முதல் 1,500 வரை, அந்த வேறுபாடோ 5 பாகைச் சரிவோ போதும். 1,500 முதல் 2,500 வரை 2 பாகைச் சரிவு. அதற்கு மேலே கேள்வியே இல்லை, எல்லாம் மலை. ஓட்டை அங்கேதான்: திபெத்தின் சமதரையும் உள்ளே வந்துவிடுகிறது. இக்கணக்கில் உலக நிலப்பரப்பில் சுமார் 24 விழுக்காடு மலை. 2011-இல் கோர்னர் என்பவரின் ஆய்வுக் குழு கடல்மட்ட உயரத்தைக் கைவிட்டு, 2.5 கலைக் கட்டத்துக்குள் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை) 200 மீட்டர் உயர வேறுபாடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தது. அண்டார்டிகா நீங்கலாக 12 விழுக்காடு சொச்சம்தான் தேறியது.

நீங்களே கணக்கிடுவதானால், உயரத் தரவை முதலில் மீட்டர் அளவுள்ள வரைபடத் தளத்துக்கு மாற்றுங்கள். கிடை அளவு பாகையிலேயே இருந்தால் சரிவு எங்கு பார்த்தாலும் 90-ஐ ஒட்டி வரும். ஒரு கட்டம் 30 மீட்டர் அகலமுள்ள தரவில் 7 கி.மீ. ஆரம் என்பது 233 கட்டங்கள், கணினி திணறும். அதற்காகச் சராசரி எடுத்துச் சுருக்கினால் உச்சிகள் மழுங்கும், பள்ளங்கள் நிரம்பும். பெருமத்தையும் சிறுமத்தையும் தனித்தனியாக எடுத்துச் சுருக்குங்கள். எல்லைக்கு வெளியே இன்னும் 7 கி.மீ. தரவு வேண்டும், இல்லாவிட்டால் ஓரத்து மலைகள் குன்றாகிவிடும்.

உயர வேறுபாட்டைத் தேடும் வட்டத்தின் அளவுதான் பெரிய தலைவலி. சிறிதானால் மலை நடுவிலுள்ள அகன்ற பள்ளத்தாக்கு சமவெளியாகும். பெரிதானால் அடிவாரச் சமவெளி மலையாகும். அமெரிக்கப் புவியியலாளர் ஹேமண்ட் 1950, 60-களில் வகுத்த முறை இங்கே கைகொடுக்கும். அவர் ஏற்ற இறக்கத்தோடு, 8 விழுக்காட்டுக்குக் குறைந்த மென்சரிவு நிலம் எவ்வளவு, அது மேலே கிடக்கிறதா கீழே கிடக்கிறதா என்றும் கேட்டார். மேலே என்றால் பீடபூமி, கீழே என்றால் குன்றுகள் எழுந்த சமவெளி.

தனிச் சிகரங்களை எண்ணுவது வேறு கணக்கு. அங்கே, இன்னும் உயர்ந்த சிகரத்துக்குப் போகும் வழியில் எவ்வளவு இறங்கியாக வேண்டும் என்பதே அளவுகோல். 8,516 மீட்டர் லோட்சேயிலிருந்து எவரெஸ்டுக்கு 610 மீட்டர் இறங்கினால் போதும். காரகோர மலைத்தொடரின் கே2 சிகரத்திலிருந்தோ சுமார் 4,020 மீட்டர் இறங்க வேண்டும். அந்த வழியின் மிகத் தாழ்ந்த இடமான கணவாய் ஏறக்குறைய ஆயிரம் கி.மீ. தள்ளி நேபாள எல்லையில் இருப்பதால், காரகோரத்தை மட்டும் வெட்டியெடுத்த வரைபடத்தில் அந்த எண் கிடைக்கவே கிடைக்காது.