பேன் பிடித்த சொல்

"ஐ ஃபீல் லௌசி" என்று பக்கத்து மேசைக்காரர் சொன்னால் மதுரைக் காதில் 'லூசு' என்றுதான் விழும். நம்மைத்தான் சொல்கிறாரோ என்று முகம் சுண்டிவிடும். அவர் சொன்னதோ, தனக்கு உடம்பு சரியில்லை என்று.

லௌசி (lousy) என்ற இந்த ஆங்கிலச் சொல்லின் வேர் பேன்தான். ஒரு பேன் லௌஸ், பல பேன் லைஸ். 14ஆம் நூற்றாண்டிலேயே லௌசி என்றால் பேன் பிடித்தவன். பேன் மண்டியவன் அழுக்கன், அழுக்கன் இழிந்தவன் என்று வசவாகி, கடைசியில் பேன் உதிர்ந்து 'மட்டம்' மட்டும் தங்கிவிட்டது. நம்மூரில் புழு அரித்த கத்திரிக்காய்க்குச் சொன்ன 'சொத்தை' கிரிக்கெட் டீமுக்கும், மழுங்கிய கத்திக்குச் சொன்ன 'மொக்கை' படத்துக்கும் போனதுபோல.

லௌஸ் என்பதில் வெறும் 'ஸ்'. லௌசி என்னும்போது 'ஈஸி'யில் வருவதுபோல் தொண்டை அதிர வேண்டும். மழையும் குளிருமாக இருந்தால் லௌசி வெதர். 'லௌசி அட் குக்கிங்' என்றால் சமையல் வராது. 'அட்' போய் 'வித்' வந்தால் பொருளே வேறு: மொய்த்துக் கிடக்கிறது. 'லௌசி வித் மணி' என்றால் பணம் கொழித்தவர். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பேச்சு அது. அழகர் ஆற்றில் இறங்கும்போது கூடும் சனத்துக்கு மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள், இளப்பம் ஒட்டியே இருக்கிறது. கெட்ட வார்த்தை இல்லைதான். ஆனாலும் விருந்து வைத்தவரிடம் சாப்பாடு லௌசி என்றால் மனசு புண்படும். மேலதிகாரிக்கு எழுதும்போது 'பூர்' போதும்.

மனசு ஒப்பாதது ஒன்று உண்டு. அங்கே வசவாகிப்போன பேன், நம் வீட்டில் பாசத்தோடு சேர்ந்தது. வாசப்படியில் பிள்ளை, ஒரு படி மேலே அப்பத்தா. தேங்காய் எண்ணெய் தடவி, பேன் சீப்பை வேரிலிருந்து நுனிவரை இழுத்து, விழுந்ததைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து நசுக்குவார். ஈர் முடியில் பசைபோல் ஒட்டியிருப்பதால் சீப்புக்கு எளிதில் வராது, இரண்டு நகத்தால் உருவ வேண்டும். தப்பிய ஈர் ஒரு வாரம், பத்து நாளில் பொரித்துவிடும், ஆகவே அடுத்த ஞாயிறும் அதே படி, விட்ட இடத்திலிருந்து ஊர்க்கதை.

நாளடைவில் 'லௌசி' தானாகவே வாயில் வரும், காதும் கூசாது. வெளியே விடாத தூறல், "லௌசி டே" என்று பேருந்து நிறுத்தத்தில் சொல்லி வாய் மூடுமுன், உச்சந்தலையில் குட்டு விழும்: "ஆடாம இருடி, ஒண்ணு ஓடுது."