கிரோன் நோயும் மூன்று நாள் உணவுக் குறிப்பேடும்

சிறுகுடலின் கடைசிப் பகுதியில் எனக்குக் கிரோன் நோய் (குடலில் நீடித்த அழற்சியை உண்டாக்கும் நோய்) கண்டறியப்பட்டு ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. நோய் அடங்கி, குடல் அழற்சியைக் காட்டும் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தின் அளவு மலத்தில் இறங்கிய பிறகும் எடை ஏறாததால், என் உணவின் தரத்தை முறையாகக் கணக்கெடுக்க வேண்டும் என்று மருத்துவர் உணவியல் வல்லுநரிடம் அனுப்பினார்.

அந்த அம்மையார் முந்தைய 24 மணி நேரத்தில் உண்டதையெல்லாம் முதலில் கேட்டறிந்தார். பிறகு, வேலை நாள் இரண்டும் விடுமுறை நாள் ஒன்றுமாக மூன்று நாள்களுக்கு, உண்ட கையோடு எழுதிவரச் சொன்னார். இரவில் மொத்தமாக எழுதினால் காப்பியும் பிஸ்கட்டும் விடுபட்டுப்போகும் என்றும், எழுதும் நாள்களில் மட்டும் நல்லதாகப் பார்த்து உண்ணத் தோன்றும், அதற்கு இடம் தரக் கூடாது என்றும் எச்சரித்தார். இரண்டுமே எனக்கு நேர்ந்தன.

குறிப்பேட்டில் 'சாம்பார், ஒரு கரண்டி' என்றிருந்த வரியில் விரலை வைத்து, "மேலே நிற்கும் தெளிவா, அடியிலிருக்கும் பருப்பும் காயும் சேர்ந்ததா?" என்று கேட்டார். தெளிவுதான். கலக்காமல், காயை ஒதுக்கி, மேல்நீரை மட்டும் மொண்டு ஊற்றிக்கொள்ள, வயிற்றுவலி வாட்டிய மாதங்களில் அம்மா பழக்கியிருந்தார்; வலி போன பிறகும் என் கை மாறவில்லை. அந்தக் கரண்டியை வழக்கமான சாம்பாராகக் கணக்கிட்டிருந்தால், நான் உண்ணாத புரதமும் நார்ச்சத்தும் என் கணக்கில் ஏறியிருக்கும்.

மத்தியதரைக்கடல் உணவுமுறையை அளக்கும் 14 கேள்விப் பட்டியல் ஒன்று ஆய்வுகளில் வழங்குகிறது. அதில் ஆலிவ் எண்ணெய்க்கும் ஒயினுக்கும்கூட மதிப்பெண் உண்டு. நல்லெண்ணெயில் தாளிக்கும் வீட்டுக்கு அது பொருந்தாது என்று அதைத் தவிர்த்துவிட்டு, ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையைக் கொண்டே அவர் கணக்கிட்டார். அதுவே சரி என்பது என் உறுதியான கருத்து.

இட்லி, இடியாப்பம், ரசம் சாதம், வயிற்றுக்குத் தீங்கில்லை என்று நம்பிய பாக்கெட் பிஸ்கட் என்று என் மூன்று நாளும் கழிந்திருந்தன. நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் வேண்டிய கால்சியத்தில் பாதிகூட இல்லை. பால் ஒவ்வாது என்பது நானாகச் செய்துகொண்ட முடிவு. எந்தச் சோதனையும் அதைச் சொல்லவில்லை. வைட்டமின் பி12 மட்டும் குறிப்பேட்டில் அகப்படாது. அதை உறிஞ்சும் இடமே நோயுற்ற பகுதி என்பதால், உணவில் இருந்தாலும் உடலில் சேர்ந்ததா என்பதை இரத்தப் பரிசோதனைதான் காட்டும். எனக்குக் குறைவாக இருந்ததால் ஊசி தொடங்கினார்கள்.

நார்ச்சத்தைக் கூட்டுவதற்கு முன், குடல் எங்கும் குறுகிப்போகவில்லை என்பதை எம்ஆர்ஐ ஸ்கேன் மூலம் மருத்துவர் உறுதிசெய்தார். அதன்பின் குழைய வேகவைத்த பாசிப்பருப்பு, தோல் சீவிய பரங்கிக்காய், கேழ்வரகுக் கஞ்சி, தயிர் என்று ஒவ்வொன்றாக, நான்கைந்து நாள் இடைவெளி விட்டுச் சேர்த்தேன். ஆறு வாரம் கழித்து எழுதிய இரண்டாம் குறிப்பேட்டில் சாம்பாருக்கு எதிரே 'கலக்கி எடுத்தது' என்று குறித்திருக்கிறேன். கீரையும் கொண்டைக்கடலையும் இன்னும் தொடங்கவில்லை. அடுத்த மூன்று நாள் கணக்கைப் பார்த்துவிட்டுச் சொல்வதாக உணவியல் வல்லுநர் கூறியிருக்கிறார்.