ஜாஷ் கிப்சனின் நிறம்

எங்கள் வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்கள் கூடத்துச் சுவரைப் பார்த்துவிட்டு, "இவங்கல்லாம் யாரு அங்கிள்?" என்று கேட்காமல் உட்காருவதில்லை. சிங்கப்பூரின் அங் மோ கியோவில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு. ஒரு சுவரில் முருகன், லட்சுமி, என் பெற்றோர். எதிர்ச் சுவரில் ஜாஷ் கிப்சன், சாட்செல் பெய்ஜ், ஜாக்கி ராபின்சன், ராபர்ட்டோ கிளமெண்டே, சடஹாரு ஓ. ஐவரும் பேஸ்பால் ஆட்டக்காரர்கள். ஓவியர்கள் வரைந்து, குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் அச்சிட்டு, அடியில் பென்சிலால் எண்ணும் கையெழுத்தும் போட்டு விற்கும் அச்சுப் படங்கள். நின்றபடி இரண்டு வார்த்தையில் இவர்களைப் பற்றிச் சொல்ல எனக்கு வருவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பேஸ்பாலை வீட்டுக்குள் கொண்டுவந்தவள் மகள். உயர்நிலைப் பள்ளியில் சாஃப்ட்பால் ஆடினாள், கேட்சராக. முகக்கவசமும் மார்புக் கவசமும் கட்டிக்கொண்டு, இரண்டு மணி நேரம் குந்தியிருந்து பந்து பிடிக்கிற வேலை. காலாங்கில் வெயிலில் உட்கார்ந்து அவள் ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கும் விதிகள் பிடிபட்டன. பெரியவர்களின் பேஸ்பாலைத் தொலைக்காட்சியில் தேட ஆரம்பித்தோம். அப்புறம் "உலகத்திலேயே பெரிய கேட்சர் யாருப்பா?" என்று கேட்டாள். தேடியபோது கிடைத்த பெயர் ஜாஷ் கிப்சன். ஆனால் அவருக்கு ஒரு நல்ல படம் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது.

அங்கேதான் என் தொழில் உள்ளே வந்தது. நான் ஆப்செட் அச்சகத்தில் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவன். பிளேட் ஏற்றுவது, மை சமன் பார்ப்பது, நான்கு வண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் உட்காருகிறதா என்று லூப் என்ற சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துக் குனிந்து பார்ப்பது, இதுதான் என் வாழ்க்கை. லூப் இன்னும் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

மகளின் ஆட்டங்களில் பழக்கமான ஓர் அமெரிக்கத் தந்தை உட்லண்ட்ஸில் இருந்தார். அவர் ஒருநாள் பழைய சிகரெட் அட்டை ஒன்றைக் காட்டினார். டி206 என்று சேகரிப்பாளர்கள் சொல்லும் வரிசை. 1909 முதல் 1911 வரை அமெரிக்காவில் சிகரெட் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தவை, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியவை. லூப் வைத்துப் பார்த்து அசந்துவிட்டேன். அது கல்லச்சு முறை. வண்ணத்துக்கு ஒரு தடவை தாள் உள்ளே போய்வந்திருக்கிறது. முகத்தில் கையால் வைத்த நுண்புள்ளிகள். ரவி வர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி லட்சுமியையும் சரஸ்வதியையும் வீடு வீடாகக் கொண்டு சேர்த்தாரே, அதே தொழில்நுட்பம், ஏறக்குறைய அதே காலம். என் அம்மா ஊரிலிருந்து சுருட்டிக் கொண்டுவந்த லட்சுமி படத்தின் கன்னத்திலும் இதே புள்ளிகளைப் பார்த்திருக்கிறேன்.

இந்த வரிசையில்தான் ஹோனஸ் வாக்னர் என்ற வீரரின் அட்டை வருகிறது. சீக்கிரமே அச்சை நிறுத்திவிட்டதால் மிகச் சிலவே மிஞ்சின. 2022இல் ஒன்று 72.5 லட்சம் அமெரிக்க டாலருக்குக் கைமாறியது. அதே ஆண்டு மிக்கி மேன்டில் என்ற வீரருக்கு டாப்ஸ் கம்பெனி 1952இல் போட்ட அட்டை 1.26 கோடி டாலருக்குப் போனது. பேஸ்பால் படம் என்றாலே எல்லாரும் இந்த விலைகளைத்தான் பேசுவார்கள். என் கண் வேறு ஒன்றில் நின்றது. அந்த வரிசையில் 500க்கும் மேற்பட்ட படங்கள் உண்டு. அதில் கறுப்பின வீரர் ஒருவர்கூட இல்லை. மேஜர் லீக் என்ற பெரிய லீக்குகள் அவர்களை உள்ளேயே விடவில்லையே, படம் எங்கிருந்து வரும்? அவர்கள் தங்களுக்குள் அணி சேர்த்து ஆடினார்கள். 1920இல் நீக்ரோ நேஷனல் லீக் உருவானது. அரங்கு நிறையக் கூட்டம் வந்தது. அட்டைக் கம்பெனிகள் மட்டும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

கிப்சன் ஆடியது இப்படிப்பட்ட நீக்ரோ லீக்குகளில்தான், பிட்ஸ்பர்க் க்ராஃபோர்ட்ஸுக்கும் ஹோம்ஸ்டெட் கிரேஸுக்கும். 1947 ஜனவரி 20 அன்று, 35 வயதில் இறந்துபோனார். அதே ஆண்டு ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன், அந்தத் தடையை உடைத்து மேஜர் லீக்கில் ஆடிய கறுப்பினராக, புரூக்ளின் டாட்ஜர்ஸ் சட்டையில் எபெட்ஸ் ஃபீல்டு மைதானத்தில் இறங்கினார். மூன்று மாதம்கூட முழுதாக இல்லை. கிப்சனின் கல்லறையில் பல ஆண்டுகள் பெயர் பொறித்த கல் கிடையாது. 2024 மே மாதம்தான் நீக்ரோ லீக் புள்ளிவிவரங்களை மேஜர் லீக் தன் ஏடுகளில் சேர்த்தது. அன்றைக்கு வாழ்நாள் பேட்டிங் சராசரியில் (அடிக்க நின்ற தடவைகளில் எத்தனை பங்கு ஹிட் ஆனது என்ற கணக்கு) முதலிடம் டை காப் கையிலிருந்து கிப்சனுக்கு வந்தது. காப் .367, கிப்சன் .372. செய்தி வந்ததும் மகள் வேலையிடத்திலிருந்து போன் செய்தாள். "அப்பா, நம்ம ஆளு முதல்ல வந்துட்டாரு" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

என் சுவரில் இருக்கும் கிப்சன் சில்க் ஸ்கிரீன் முறையில், அதாவது மெல்லிய திரை வழியாக மையை அழுத்தி, அச்சானவர். மற்றப் படங்களைவிட இதற்கு அதிக விலை கொடுத்தேன். காரணம், அவருடைய தோல்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆப்செட்டில் தோல் நிறம் என்பது சயான் என்ற நீலம், மெஜந்தா என்ற ஊதா கலந்த சிவப்பு, மஞ்சள், கறுப்பு நான்கும் சேர்ந்து வருவது. வெளிர்த் தோலுக்கு மையை லேசாக விட்டால் போதும், தாளின் வெள்ளையே பாதி வேலையைச் செய்துவிடும். கருந்தோல் அப்படியில்லை. சயான் ஒரு பிடி கூடினால் முகம் சாம்பல் பூத்துவிடும். மெஜந்தா கூடினால் செம்புப் பாத்திரம்போல் ஆகிவிடும். சோம்பேறித்தனமாகக் கறுப்பு மையை ஏற்றினால் கண்ணும் மூக்கும் ஒரே இருட்டில் மூழ்கிவிடும். கோட்டிங் இல்லாத தாளில் புள்ளி வேறு பரவும். மஞ்சளையும் மெஜந்தாவையும் நன்றாகக் கொடுத்து, சயானைப் பின்னால் நிறுத்தி, கறுப்பை நிழல் விழும் இடத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டால்தான் அந்தத் தோலுக்குள் வெளிச்சம் வரும். பொறுமை வேண்டும். அந்த முகத்தின்மேல் மரியாதையும் வேண்டும்.

நான் ஓட்டிய மெஷின்களில் தீபாவளி மலர் விளம்பரங்களும் நம்மவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளும் நிறைய ஓடியிருக்கின்றன. ஓர் இடத்தில் மேற்பார்வையாளர் மாப்பிள்ளை, பெண் படம் வந்தாலே "கொஞ்சம் வெளுப்பாக்கு" என்பார். நான் கேட்கமாட்டேன். நேரம் எடுத்துக்கொண்டு, உள்ளது உள்ளபடி, பளபளப்போடு கொண்டுவருவேன். அதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறேன். பத்திரிகையை வாங்கிப் பார்த்த ஒரு பெண்ணின் அப்பா, "என் பொண்ணு அப்படியே இருக்கா தம்பி" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

கிப்சன் படத்தில் அதைத்தான் பார்த்தேன். பழுப்பிலேயே பல அடுக்கு. ஒவ்வொரு அடுக்குக்கும் தனித் திரை, தனி மை. நெற்றியில் ஆரஞ்சு சாய்ந்த பழுப்பு, தாடைக்குக் கீழே ஊதா கலந்த பழுப்பு. பக்கவாட்டில் விளக்கு வைத்தால் மையின் மேடு தெரியும். அவர் உயிரோடு இருந்தபோது எடுத்த நல்ல புகைப்படங்கள் கொஞ்சம்தான், அவையும் கறுப்பு வெள்ளை. அதிலிருந்து ஓர் ஓவியர் இந்த நிறத்தை யோசித்துக் கண்டுபிடித்திருக்கிறார், ஓர் அச்சுக்காரர் அதை விடாமல் பிடித்திருக்கிறார். ஒரு காலத்தில் செய்யாமல் விட்ட வேலையை இப்போதாவது ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். இதற்குத்தான் நான் பணம் கொடுக்கிறேன். அடியில் எந்த எண் இருக்கிறது என்பதற்கு இல்லை. ராபின்சனின் சட்டை எண் 42. 1997இல் எல்லா அணிகளும் அந்த எண்ணுக்கு ஓய்வு கொடுத்துவிட்டன. அதனால் அவர் படத்தில் 42ஆம் பிரதிக்கு அதிக விலை கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் உண்டு. எனக்கு அந்த நாட்டம் இல்லை. நூறாவது பிரதியிலும் அதே மைதான் இருக்கிறது.

கிளமெண்டேயின் கதை இன்னொரு மாதிரி. போர்ட்டோ ரிக்கோக்காரர், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி, சரியாக 3,000 ஹிட். 1972 டிசம்பர் 31 அன்று நிகராகுவா நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பொருள் ஏற்றிச் சென்ற விமானம் கடலில் விழுந்து இறந்தார். அவருக்கு அட்டைகள் உண்டு, ஆனால் 1957 முதல் 1969 வரை டாப்ஸ் அவற்றில் "பாப் கிளமெண்டே" என்றே அச்சிட்டது. தன்னை ராபர்ட்டோ என்று அழைக்கும்படி அவர் சொல்லிக்கொண்டே இருந்தவர். என் பெயர் சண்முகசுந்தரம். முதல் அச்சகத்தில் சேர்ந்த அன்றே என்னை 'சாம்' ஆக்கிவிட்டார்கள், சம்பளச் சீட்டில்கூட. என்னிடம் இருக்கும் கிளமெண்டே படத்தின் அடியில் முழுப் பெயரும் பெரிய எழுத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

சாட்செல் பெய்ஜ் 1948இல், 42 வயதில்தான் மேஜர் லீக்கில் பந்து வீச இடம் கிடைத்தவர். அவர் படம் ஜிக்லே முறை, அதாவது நல்ல நிறமி மையை இங்க்ஜெட்டில் பருத்தித் தாள்மேல் தெளித்து எடுப்பது. நன்றாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் கை பட்ட அச்சின் கனம் அதில் இல்லை.

சடஹாரு ஓ மற்றவர்களோடு சேராதவர். ஜப்பானில் அவர் படம் அச்சாகாத காகிதமே இருந்திருக்காது. 868 ஹோம் ரன், கிரிக்கெட் சிக்சர் மாதிரி. 1977 செப்டம்பர் 3 அன்று 756ஆவது அடித்து ஹாங்க் ஆரனின் 755ஐத் தாண்டியவர். அப்பா சீனர். பள்ளியில் படிக்கும்போது, ஜப்பானியக் குடிமகன் இல்லை என்பதால் தேசிய விளையாட்டு விழாவில் ஆட விடவில்லை. முன்காலைத் தூக்கி ஒற்றைக் காலில் நின்று அடிப்பார். அந்தச் சமநிலைக்காகக் கூரையிலிருந்து தொங்கும் காகிதத்தை வாளால் வெட்டிப் பழகினார். காகிதத்தோடு வாழ்ந்த எனக்கு இந்த ஒன்றே போதும். தோக்கியோவில் ஜிம்போச்சோ பழைய புத்தகக் கடைகள் பக்கம் கிடைத்த மரக்கட்டை அச்சு அது. எதிர்வீட்டுச் சீனப் பெரியவர் வந்தால் நேராக அதன் முன்னால் போய் நிற்பார்.

சிங்கப்பூரில் இதையெல்லாம் வைத்துக் காப்பாற்றுவது தனி வேலை. ஆண்டுச் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல். தாளுக்குப் பூஞ்சைதான் எமன், பழுப்புப் பொட்டுகள் வந்துவிட்டால் போகாது. படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் போர்டு அமிலமில்லாததாக இருப்பது கட்டாயம். கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது. வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், மழைக்காலத்தில் ஈரம் இறங்கும். சட்டத்தின் பின்மூலைகளில் சின்ன ரப்பர் துண்டுகள் ஒட்டிக் காற்றுக்கு வழி விடுங்கள். மேற்கு வெயில் படும் சுவர் வேண்டவே வேண்டாம், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் போட்டிருந்தாலும். மாட்டாத படங்களைக் கேமராக்காரர்கள் வைத்திருக்கும் டிரை கேபினட்டில் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைத்திருக்கிறேன். பிரேம் கடையில் சூடு வைத்துப் பலகையில் ஒட்டித் தரட்டுமா என்று கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒட்டிவிட்டால் மறுபடி பிரிக்க முடியாது. நல்ல படம் ஒன்று அப்படி வீணானதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

வாங்குவதற்கு முன் படத்தை லூப்பில் பாருங்கள், இணையத்தில் என்றால் நெருக்கத்தில் எடுத்த புகைப்படம் கேளுங்கள். நான்கு வண்ணப் புள்ளிகள் பூவிதழ்போல் வட்டம் கட்டியிருந்தால் அது ஆப்செட் மெஷினில் ஓடிய தாள். அதற்கு அதற்குரிய விலை போதும். கைவேலை எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ராபர்ட்சன் கீயில் பழைய கிடங்குக் கட்டடத்தில் இருக்கும் எஸ்டிபிஐ (STPI) என்ற அச்சுக் கலைக்கூடத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். அங்கே கண்காட்சியில் ஒரு படத்தின் முன் நின்று, மை வாசனை பழகிய மூக்கோடு, மணிக்கணக்கில் நேரம் போனது தெரியாமல் இருந்திருக்கிறேன்.

இப்போது தேடிக்கொண்டிருப்பது டோனி ஸ்டோன். 1953இல் இண்டியானாபொலிஸ் கிளவுன்ஸ் அணிக்கு இரண்டாம் பேஸில் ஆடிய பெண், ஆண்களோடு. அதற்கு முந்தைய ஆண்டு ஹாங்க் ஆரன் ஆடிய அதே அணி. மகளுக்கு இப்போது பொங்கோலில் சொந்த வீடு. அவள் வீட்டுச் சுவருக்குத்தான் இந்தப் படம். இதுவரை பார்த்ததில் இரண்டு நன்றாக வரைந்தவை, ஆனால் அச்சில் முகம் சாம்பலாகிவிட்டிருக்கிறது. சயான் அதிகம். வேறு ஒன்று வரட்டும் என்று காத்திருக்கிறோம்.