கசிந்த ராணுவ ஆவணம் உயிரை வாங்குமா?

கடத்தல் பற்றித் துப்புக் கொடுத்த ஒருவரைக் குறித்து அரைப்பக்க அறிக்கை ஒன்று இருப்பதாக வையுங்கள். மேலே ‘இரகசியம்’ என்று முத்திரை. உள்ளே பெயர் கிடையாது. நண்டு வலை போடுபவர், சொந்தமாக ஃபைபர் படகு உண்டு, மூத்த மகன் சவூதியில், புதன்கிழமை இரவு கரையில் வைத்துத் தகவல் சொன்னார். அவ்வளவுதான். சென்னையில் படிப்பவருக்கு இதிலிருந்து ஒன்றும் தெரியாது. மண்டபத்துக்கும் அரிச்சல்முனைக்கும் நடுவில் எந்தக் கடற்கரை ஊரில் வாசித்துக் காட்டினாலும், கையில் இருக்கிற டீ ஆறுவதற்குள் ஆளைச் சொல்லிவிடுவார்கள். விசைப்படகு போகிற நாள் எது, நாட்டுப்படகு போகிற நாள் எது என்பது எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு யார் கரையில் நின்றார் என்பதும் தெரியும். நண்டு வலைக்காரர்களில் மூத்த மகனை சவூதிக்கு அனுப்பியவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்?

ராணுவ ஆவணம் கசிந்தால் உயிர் போகுமா என்ற கேள்விக்கு இங்கிருந்துதான் பதில் தேட வேண்டும். முத்திரையைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. வெளியே வந்துவிட்ட விஷயத்தை மாற்றிக்கொள்ள எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ரேடியோ சங்கேதம் கசிந்தால் அன்றே மாற்றிவிடலாம். ரோந்து நேரம் கசிந்தால் சில நாளில் மாற்றலாம், அதுவரைக்கும்தான் ஆபத்து. துப்புக் கொடுத்த மீனவரை என்ன செய்வது? படகு, வலை, சங்க அட்டை, நண்டு வியாபாரியிடம் வாங்கிய முன்பணம், பெண் கொடுத்த வீடு எல்லாம் அதே ஊரில் இருக்கின்றன. கடல் அட்டையும் கஞ்சாவும் பீடி இலையும் ஏற்றுகிறவர்களும் அதே ஊர்க்காரர்கள்தான்.

2010 ஜூலையில், இரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் இணையதளம் அமெரிக்க ராணுவத்தின் ஆப்கன் போர்க் குறிப்புகளை வெளியிட்டபோது நடந்த தவறு இதே வகைதான். 91 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குறிப்புகளில் சுமார் 15 ஆயிரத்தை நிறுத்திவைத்துவிட்டு மீதியைப் போட்டார்கள். போட்டவற்றில் அமெரிக்கப் படைக்கு உதவிய கிராமத்து ஆட்களின் பெயரும், சிலருக்கு ஊரும் தகப்பன் பெயரும்கூட இருந்தன. அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று தாலிபான் பேச்சாளர் வெளிப்படையாகச் சொன்னார். மூன்று மாதம் கழித்து ஈராக் குறிப்புகள் 3,91,832 வெளியானபோது, பெயர்களை மென்பொருள் வைத்து நீக்கிவிட்டே போட்டார்கள். முதல் தடவையே அதைச் செய்திருக்கலாம். செய்யாததற்கு ஏற்கக்கூடிய காரணம் எதையும் நான் இதுவரை கேட்டதில்லை.

அதே சமயம், அந்தக் கசிவால் எத்தனை பேர் செத்தார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பாதிப்பை ஆராய்ந்த பென்டகன் குழுவின் தலைவர் பிரிகேடியர் ஜெனரல் ராபர்ட் கார், அந்த ஆவணங்களை விக்கிலீக்ஸுக்குக் கொடுத்த அமெரிக்கச் சிப்பாய் செல்சீ மானிங்கின் வழக்கில் 2013-ல் சாட்சி சொன்னார். ஒருவரைக் கொன்றதாகத் தாலிபான் சொல்லிக்கொண்டது, ஆனால் அந்த ஆளின் பெயர் கசிந்த ஆவணங்களில் இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். ‘கையில் ரத்தம்’ என்று 2010-ல் பேசிய அதிகாரிகளால் நீதிமன்றத்தில் ஒரு பெயரைக்கூடக் காட்ட முடியவில்லை.

இதை வைத்து ஆபத்தே இல்லை என்றும் சொல்லிவிடக் கூடாது. போர் நடக்கிற கிராமத்தில் ஒருவன் செத்தால், எந்த ஆவணத்தைப் படித்துவிட்டுக் கொன்றோம் என்று யாரும் எழுதிவைக்க மாட்டார்கள். வீட்டை விட்டு ஓடியவர்களும் சாவுக் கணக்கில் வர மாட்டார்கள். 2011 செப்டம்பரில் அமெரிக்கத் தூதரகத் தந்திகள் இரண்டரை லட்சமும் பெயர் மறைக்காமல் வெளியான பிறகு, அதில் பெயர் வந்த எத்தியோப்பியப் பத்திரிகையாளர் ஒருவர் நாட்டை விட்டே வெளியேறினார்.

கசிவு என்றதும் மனசாட்சி உள்ள ஒரு சிப்பாயை நினைக்கிறோம். ஆள் பெயர்களை அம்பலப்படுத்திய மிகப் பெரிய கசிவுகளில் ஒன்று வெறும் கவனக்குறைவால் வந்தது. 2022 பிப்ரவரியில், பிரிட்டனுக்கு வர விண்ணப்பித்த ஆப்கானியர்களின் பட்டியலிலிருந்து 150 வரிசைகளை அனுப்புவதாக நினைத்து, 33 ஆயிரம் வரிசைகள் கொண்ட எக்செல் கோப்பு பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து வெளியே போனது. 19 ஆயிரத்துக்கு அருகில் விண்ணப்பதாரர்களின் விவரம் அதில் இருந்தது. அதைப் பற்றிப் பேசவே கூடாது என்று 2023-ல் பிரிட்டன் அரசு நீதிமன்றத் தடை வாங்கியது. 2025 ஜூலையில்தான் தடை நீங்கியது. பட்டியலில் இருந்தவர்களில் பலருக்கு, தங்கள் பெயர் வெளியே போன விஷயமே அதுவரை தெரியாது. தெரிந்திருந்தால் ஊர் மாறியிருப்பார்கள், போன் நம்பரையாவது மாற்றியிருப்பார்கள்.

எக்செல்லில் வடிகட்டியோ மறைத்தோ வைத்த வரிசை அழிந்த வரிசை ஆகாது. தேவையானதை மட்டும் காப்பி செய்து, புதுக் கோப்பில் மதிப்பாக மட்டும் ஒட்டி அனுப்ப வேண்டும். பி.டி.எஃப்.பில் கறுப்புக் கட்டம் போட்டாலும் அடியில் எழுத்து அப்படியே கிடக்கும். மேலே சுட்டியால் இழுத்துக் காப்பி செய்தால் வந்துவிடும். அச்செடுத்து, மார்க்கரால் அடித்து, மறுபடி ஸ்கேன் செய்து, வெளிச்சத்தில் எழுத்து தெரிகிறதா என்று பார்ப்பதே பத்திரமான வழி. வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பினால் எடுத்த இடத்தின் குறிப்பு உதிர்ந்துவிடும். அதையே ‘டாக்குமெண்ட்’டாக அனுப்பினால் இடமும் நேரமும் கூடவே போகும். பெயரை அடித்த பிறகும் வேலை முடியாது. நண்டு வலை, சவூதி, புதன்கிழமை மூன்றையும் அடிக்க வேண்டும். எதை அடிக்க வேண்டும் என்பது அந்த ஊர்க்காரருக்குத்தான் தெரியும்.

பெயரே இல்லாமல் கொல்லக்கூடிய கசிவும் உண்டு. அது முறையைக் காட்டிக்கொடுப்பது. நீர்மூழ்கியைத் தாக்கக் கடலுக்குள் போடும் ஆழ்நீர்க் குண்டு எந்த ஆழத்தில் வெடிக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே அதில் அமைத்துவிடுவார்கள். ஜப்பானியர்கள் அதைக் குறைந்த ஆழத்துக்கு வைக்கிறார்கள், அமெரிக்க நீர்மூழ்கிகள் அதற்கும் கீழே போய்த் தப்புகின்றன என்று இரண்டாம் உலகப் போர் நடந்த 1943-ல் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் ஆண்ட்ரூ மே பத்திரிகையாளர்களிடம் சொல்லிவிட்டார். எதிரி செய்ய வேண்டியது அமைப்பை மாற்றுவது மட்டும். 10 நீர்மூழ்கிகளும் 800 பேரும் போனது இதனால்தான் என்று பசிபிக்கில் அமெரிக்க நீர்மூழ்கிப் படைக்குத் தலைமை தாங்கிய அட்மிரல் சார்லஸ் லாக்வுட் மதிப்பிட்டார். அந்த எண்ணிக்கையை ஏற்காத வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் சொன்ன விஷயம் எப்படி ஆபத்தாகும் என்பதில் சந்தேகம் இல்லை. 2016 ஆகஸ்டில் நம் ஸ்கார்பீன் நீர்மூழ்கி பற்றிய 22,400 பக்கங்கள் வெளிப்பட்டபோது பதறியதும் நியாயமே. ரோந்து நேரம் மாதிரி ஒரு நீர்மூழ்கியின் சத்தத்தை அடுத்த வாரம் மாற்றிவிட முடியாது.

எடுத்த முடிவையும் செய்த தப்பையும் சொல்கிற ஆவணம் வேறு. 1962 போர்த் தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையின் ஒரு பகுதியை 2014-ல் பத்திரிகையாளர் நெவில் மேக்ஸ்வெல் இணையத்தில் போட்டார். எல்லையில் யாருக்கும் அதனால் ஆபத்து வரவில்லை. வியட்நாம் போர் பற்றிய அமெரிக்க அரசின் இரகசிய ஆவணங்களை 1971-ல் பத்திரிகைக்குக் கொடுத்த டேனியல் எல்ஸ்பெர்க், சமாதானப் பேச்சு பற்றிய நான்கு தொகுதிகளை மட்டும் கொடுக்காமல் வைத்துக்கொண்டார். எதை நிறுத்த வேண்டும் என்று தெரிந்து செய்த காரியம் அது. ஈராக் குறிப்புகள் வந்த பிறகுதான், அதுவரை கணக்கிலேயே வராத சுமார் 15 ஆயிரம் பொதுமக்கள் சாவு தெரியவந்தது. மூடிவைத்ததால் போன உயிரையும் எண்ண வேண்டாமா?

நம் கடலில் இது தினசரி விஷயம். பாம்பனில் தூக்குப்பாலம் உயர்ந்து கடலோரக் காவல்படைக் கப்பல் போவதை நூறு பேர் நின்று பார்க்கிறார்கள். அந்த வீடியோவில் இரகசியம் இல்லை. ஆனால் பதற்றமான நாட்களில் கப்பல் எந்தப் பக்கம் போகிறது, உச்சிப்புளியில் உள்ள கடற்படையின் பருந்து விமான தளத்திலிருந்து ஹெலிகாப்டர் எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று உடனுக்குடன் குரூப்பில் போடுவது ஆபத்து. அதே படத்தை மறுநாள் போட்டால் பெரும்பாலும் ஒன்றும் இல்லை. படை நடமாட்டத்தை நேரலையில் காட்டாதீர்கள் என்று 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசு ஊடகங்களுக்குச் சொன்னதும் இதற்காகத்தான். அலுவலக முத்திரையோடு ஏதாவது குரூப்புக்கு வந்தால் ஃபார்வர்டு செய்யாதீர்கள். 1923 அலுவலக இரகசியச் சட்டத்தின் 5-வது பிரிவு, தெரிந்தே வாங்குகிறவரையும் பிடிக்கும்.

2022 அக்டோபர் 21 அன்று பாக் விரிகுடாவில் இந்தியக் கடற்படை சுட்டதில் மயிலாடுதுறை மாவட்ட மீனவர் ஒருவர் காயமடைந்தார். விசாரணை நடக்கும் என்று கடற்படையே அறிவித்தது. இப்படிப்பட்ட விசாரணையில் என்ன முடிவானது என்று தெரிய, கசிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கடற்படையும் கடலோரக் காவல்படையும் தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை. 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போடலாம். கப்பல் நின்ற இடம், ஆயுத விவரம், ரேடியோ அலைவரிசை வேண்டாம் என்று மனுவிலேயே எழுதுங்கள். எச்சரிக்கை எந்த மொழியில், எத்தனை முறை கொடுக்கப்பட்டது, முடிவு என்ன, யார்மீது என்ன நடவடிக்கை என்று மட்டும் கேளுங்கள். பாதுகாப்பு என்று மறுக்கக்கூடிய பகுதியைப் பிரித்து நீக்கிவிட்டு மீதியைத் தர அந்தச் சட்டத்தின் 10-வது பிரிவு இடம் கொடுக்கிறது. பொது நலன் பெரிதென்றால் இரகசியச் சட்டத்தையும் மீறித் தரலாம் என்கிறது அதன் 8(2) பிரிவு. 2019-ல் ரஃபேல் போர் விமான வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டியது இந்தப் பிரிவைத்தான். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்குக் கட்டணம் கிடையாது.