ஸ்டென்ட் வைத்த பிறகு அப்பாவுக்கு எடுத்த ரத்தப் பரிசோதனைகள்

அப்பாவுக்கு இதய ரத்தக் குழாயில் அடைப்பு. கோயமுத்தூரில் ஸ்டென்ட் (குழாயை விரித்துப் பிடிக்கும் சின்ன வலைக்குழல்) வைத்து கோபிசெட்டிபாளையத்துக்குக் கூட்டி வந்த பிறகுதான் எங்களுக்கு நிறைய வேலை இருந்தது. வீட்டில் ஸ்டென்ட் வைத்தவர்கள் இருந்தால் இது உதவும் என்று எழுதுகிறேன்.

அப்பா விவசாயி. "சொட்டுநீர்க் குழாயில உப்பு அடைக்கிற மாதிரிதானுங்களே? அதான் எடுத்துட்டீங்களே, அப்புறம் எதுக்குங்க இத்தனை மாத்திரை?" என்று டாக்டரிடமே கேட்டார்.

"எடுக்கலீங்க, ஒதுக்கி வெச்சிருக்கோம்" என்று சொல்லிவிட்டு, டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டார். எல்.டி.எல். என்கிற கெட்ட கொழுப்பு குழாயின் சுவருக்குள்ளேயே நுழைந்து தங்கிக் கெட்டுப்போகிறது. அதை விழுங்க வரும் வெள்ளையணுக்களும் அங்கேயே தேங்கிவிடுகின்றன. இதனால் உண்டாகும் அழற்சி (இன்ஃப்ளமேஷன்) அங்கே சேர்ந்த கொழுப்புத் திட்டின் மேல்மூடியை மெலிய வைக்கிறது. மூடி கிழிந்தால் அந்த இடத்தில் ரத்தம் உறைந்து மாரடைப்பு. பெரிய அடைப்பு இல்லாதவர்களுக்கும் திடீரென்று வருவது பெரும்பாலும் இப்படித்தான்.

அடுத்த முறை போனபோது எல்.டி.எல். 96; அழற்சியைக் காட்டும் எச்.எஸ்.சி.ஆர்.பி. 14. இது 3க்கு மேல் இருந்தாலே ஆபத்து கூடுதல் என்பார்கள், எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் 10ஐத் தாண்டினால் முதலில் வேறு எங்காவது தொற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

"காய்ச்சல், பல்வலி ஏதாச்சும் இருக்குதுங்களா?"

அப்பா வாயைத் திறந்து காட்டினார். கடைவாய் ஈறு சீழ் கோத்து வீங்கியிருந்தது. "அது கெடக்குதுங்க" என்றார்.

பல்லைப் பிடுங்கத்தான் வேண்டும் என்றானது. இங்கேதான் ரொம்பக் கவனம் வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகளை நாமாக நிறுத்தவே கூடாது. புது ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளலாம். இதய டாக்டர் மாத்திரையை நிறுத்தாமலே பிடுங்கலாம் என்று கைப்பட எழுதித் தந்தார். அப்பா பஞ்சைக் கடித்துக்கொண்டு வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் உட்கார வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஈறு ஆறியதும் மறுபடி எடுத்ததில் எச்.எஸ்.சி.ஆர்.பி. 1.8. அதற்காக அழற்சியைச் சாதாரணமாக நினைக்க முடியாது. 2017இல் வெளியான கேண்டோஸ் ஆய்வில், கொழுப்பைக் குறைக்காமல் அழற்சியை மட்டும் தணித்த மருந்தாலேயே மாரடைப்பு குறைந்திருக்கிறது. ஸ்டாட்டின் வகை மாத்திரை கொழுப்பு, அழற்சி இரண்டையும் குறைக்கிறது. எல்.டி.எல்லை 55க்குக் கீழே கொண்டுவர அப்பாவுக்கு ரோசுவாஸ்டாட்டின் என்கிற ஸ்டாட்டினோடு, கொழுப்பைக் குறைக்கும் இன்னொரு மாத்திரையான எசெடிமிப்பும் சேர்த்தார்கள். கடைசியாக எடுத்ததில் 52.

"அப்ப நிறுத்திக்கலாமுங்களா?" என்றார் அப்பா.

"மாத்திரை போடறதாலதானுங்க 52" என்றார் டாக்டர். இப்போது ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அம்மாவே மாத்திரையை எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறார்.